பின் சீட்



போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையில் எடுத்த ஒரு போட்டோ எப்படியோ 1998 பேட்ச் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து என் சம்பந்தி வீடு வரைக்கும் சுற்றிவிட்டது. படத்தில் இருப்பது என்னுடைய கறுப்பு யெஸ்டி ரோட்கிங். ஓட்டுவது வேறொருவர். பின்னால் ஹெல்மெட்டோடு கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பது நான். நாலு நாளில் 17 போன். "சார், விழுந்துட்டீங்களா?" "மாமா, மயக்கம் கியக்கம் வந்துருச்சா?" கோயமுத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன் ஒருபடி மேலே போய், "எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு, கிளம்பி வர்றேன்" என்றான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. தவிர, போனில் நான் சொன்னதில் பாதிதான் உண்மை. அது வேறு உறுத்துகிறது. அதனால் முழுசாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளி மாதிரி. அன்றைக்குப் பல ஊர்களில் பழைய வண்டிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு கூட்டமாகக் கிளம்புவார்கள். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. புகை விட்டுக்கொண்டு போவது, சாப்பிடுவது, புகை விட்டுக்கொண்டு திரும்பி வருவது, இவ்வளவுதான் விஷயம். எங்கள் கூட்டம் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து ஆட்கள். இந்த வருஷம் ஜூலை 13-ஆம் தேதி கொல்லிமலை என்று முடிவானது.

இந்த வண்டியைப் பார்த்தே இராத பேரன் பேத்தி வயசுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஜாவா என்றால் இந்தோனேசியத் தீவு இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்ற தொழிலதிபர் 1929-ல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தையும் அந்தக் கம்பெனியின் முதல் இரண்டு எழுத்தையும் ஒட்டவைத்தார். அதுதான் ஜாவா. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை அதை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. பிறகு அதே தொழிற்சாலை யெஸ்டி என்ற பெயரில் வண்டி விட்டது. 1996-ல் மூடிவிட்டார்கள். ரோட்கிங் 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். ஆனால் சைலன்சர் இரண்டு. "ஒரு சிலிண்டருக்கு எதுக்கு சார் ரெண்டு சைலன்சர்?" என்று கேட்காத பேட்ச் கிடையாது. புகை வெளியேற அந்தச் சிலிண்டரில் இரண்டு வாசல் என்று சொல்லிச் சொல்லி, அதைச் சாக்காக வைத்து டூ ஸ்ட்ரோக் பாடத்தையே நடத்தி முடித்திருக்கிறேன்.

1986-ல் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் கடன் போட்டு வாங்கியது. கல்யாணம் அதற்கடுத்த வருஷம். என் மனைவி வீட்டுக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே வாசலில் நின்றது. அதனால் மூத்தவள் அதுதான் என்று அவள் சொல்வதுண்டு. உங்களில் பலருக்கு அதன் சத்தம் நினைவிருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி வரும்போதே புளியமரத்தடியில் இருப்பவர்கள் வகுப்புக்குள் ஓடிவிடுவீர்கள். அது எனக்கும் தெரியும். அதனால்தான் சில நாள் திருப்பத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தேன்.

2005-க்குப் பிறகு பெட்ரோல் கட்டுப்படியாகாமல் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டேன். வண்டி 14 வருஷம் மாட்டுக்கொட்டகையில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2019-ல், அதை மறுபடி ஓடவைத்தவன் என் மாணவன். 2002-ல் பத்தாம் வகுப்பு முடித்தவன். சேலத்தில் பழைய வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருக்கிறான். "பேரைப் போட்டுடாதீங்க சார், கடைக்கு வர்றவனெல்லாம் ஓட்டுவான்" என்று கேட்டுக்கொண்டதால் பட்டறைக்காரன் என்றே எழுதுகிறேன். போட்டோவில் வண்டியை ஓட்டுவது அவன்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராசிபுரத்தில் ஒரு டீக்கடை முன்னால் கூடினோம். 23 வண்டி. யெஸ்டிதான் அதிகம். ஐந்து பழைய ஜாவா, இப்போது புதிதாக வரும் ஜாவாவில் மூன்று, விருந்தாளிகளாக இரண்டு புல்லட்டும் ஒரு ஆர்எக்ஸ் 100-ம். பேங்க் மேனேஜர், விசைத்தறி வைத்திருப்பவர், மரவள்ளிக் கிழங்கு மில்காரர், ஒரு பல் டாக்டர், அப்பாவின் ஜாவாவை ஓட்டிவரும் ஈரோட்டுப் பெண் ஒருத்தி. நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து இரண்டு கிலோ முறுக்கு கொண்டுபோயிருந்தேன். டீ வருவதற்குள் காலி.

அந்த டீக்கடைப் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் வண்டிக்குக் காலையில் மூன்று உதை தேவைப்படுகிறதாம், போன மாசம் இரண்டில் கிளம்பியதாம். இன்னொருவர் வண்டி சூடேறினால் கண்டன்சர் மக்கர் செய்கிறதாம். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்கிறது, பாயின்ட் தீய்ந்துபோகிறது, கார்புரேட்டரில் கசிவு, பெட்ரோலுக்கு இத்தனை மில்லி ஆயில் போதுமா போதாதா. கல்யாண வீட்டில் கிழவிகள் மூட்டுவலியைப் பேசுவதுபோல வண்டியின் ஒவ்வொரு நோவையும் உரக்க, பெருமையாக, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசுவார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டு பேருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது எனக்குத் தெரியும். யாரும் தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும்தான்.

இங்கேதான் போனில் சொல்லாத பாதி வருகிறது.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், நடக்கிறேன், அதிலெல்லாம் குறை இல்லை. ஒன்றரை வருஷமாகப் பாதம் மரத்துப்போகிறது. முதலில் பஞ்சு மேல் நடப்பதுபோல இருந்தது. பிறகு ஒருநாள் மளிகைக்கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வந்த வழியே தேடிப்போனால் முதல் தெருமுனையில் கிடந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாசம் டாக்டர் ஒரு பரிசோதனை செய்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பது. நான் கண்ணை முழுசாக மூடவில்லை. இமை இடுக்கு வழியாக அவர் கை போகும் இடத்தைப் பார்த்து, "தெரியுது, தெரியுது" என்றேன். 32 வருஷம் பரீட்சை அறையில் பிட் பிடித்த வாத்தியார்! என்னிடம் மாட்டி, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அழுதுகொண்டு நின்றவர்கள் இதைப் படித்தால் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்பது வாங்கினேன். முழு மதிப்பெண் எடுத்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றை விட்டுக்கொடுத்தேன். நன்றாகக் காப்பியடிப்பவன் அப்படித்தான் செய்வான்.

காரணம் வண்டி. டாக்டர் என் மகளுக்குத் தெரிந்தவர். ஒரு வார்த்தை அவள் காதுக்குப் போனால் சாவி என் கையில் இருக்காது.

வீட்டில் ராசிபுரம் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். கொல்லிமலை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

கிளம்பினோம். முன்னால் ஒருவர் வழிகாட்டி. அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. நடுவில் இருப்பவர்கள் ஒருவர் இடது ஓரம், அடுத்தவர் கொஞ்சம் பின்னால் வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். முன் வண்டி திடீரென்று நின்றாலும் இடம் இருக்கும். ஹெல்மெட் இல்லாதவருக்கு டீயோடு சரி. கடைசி ஆளாக வந்தவன் பட்டறைக்காரன். பின் சீட்டில் அவனுடைய பட்டறைப் பையன் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

பேளுக்குறிச்சி தாண்டியதும் பேங்க் மேனேஜர் வண்டி நின்றது. பிளக்கில் கரி அடைத்துக்கொண்டது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி மாட்டுவதற்குள் சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு காரணம் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் பயணத்திலேயே எல்லோரும் ரொம்ப சந்தோஷமாக இருந்த நேரம் என்று நினைக்கிறேன். காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்தபோது மணி எட்டரை. மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஏறுவது எனக்குச் சிரமமாக இல்லை. இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரைக் கையால் அளந்து கொடுத்தால் போதும், காலுக்கு அதிக வேலை இல்லை. முப்பது வளைவு தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஐம்பதுக்கு மேல் சாரல். முன்னால் போகிற வண்டிகளின் நீலப் புகையும் மேகமும் ஒன்றாகக் கலந்து, ஆயில் வாசனையும் ஈரமண் வாசனையும் சேர்ந்து வந்தது. அந்த வாசனைக்காக நான் இன்னும் பத்து டாக்டரை ஏமாற்றுவேன் என்று அப்போது தோன்றியது. உள்ளதை எழுதுவதென்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன்.

செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் வல்வில் ஓரி சிலை முன்னால் வரிசையாக வண்டியை நிறுத்திப் போட்டோ. அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் போனோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். இளசுகள் மட்டும் போனார்கள். நாங்கள் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றோம். திரும்பும் வழியில் சோளக்காட்டில் மிளகு அரைக் கிலோவும் ஒரு பலாப்பழமும் வாங்கினேன். பழத்தை யார் வண்டியில் கட்டுவது என்று பெரிய விவாதம். புல்லட்காரர் தலையில் விழுந்தது.

அங்கே முடவாட்டுக்கால் சூப் விற்கிற கடை ஒன்றில் நின்றோம். பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே முடியோடு இருக்கும் ஒரு கிழங்கு. மூட்டுவலிக்கு நல்லது என்று மலைக்கு வருகிற எல்லோரும் குடிப்பார்கள். மிளகு தூக்கலாக, சுடச்சுட. எங்களில் ஒருவர் விடாமல் வாங்கினோம். விசைத்தறிக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டார். "என்னண்ணா, முட்டிவலியா?" என்று ஈரோட்டுப் பெண் கேட்டாள். "சேச்சே, குளிருக்கு" என்றார். நானும் இரண்டாவது டம்ளர் வாங்கினேன். குளிருக்குத்தான்.

மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்தோம்.

மலை இறக்கத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். இதில் அந்தப் பிடிப்பு குறைவு. போதாததற்கு ஆயில் பெட்ரோலோடு கலந்து போவதால், ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் இன்ஜினுக்கு ஆயிலும் சரியாகப் போகாது. இடையிடையே லேசாகத் திருகிக்கொடுக்க வேண்டும். ஆக, வண்டியைத் தடுக்கிற வேலை முழுக்க பிரேக்குக்குத்தான். இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 140 கிலோ, நான் 70. உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். நிலையாற்றல் இருபது லட்சம் ஜூல். அது முழுவதும் வெப்பமானால் ஏழு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும் பங்கு இரண்டு சின்ன டிரம்முக்குள் போய்க் காற்றில் ஆறியாக வேண்டும். இந்தக் கணக்கை எத்தனை வருஷம் கரும்பலகையில் போட்டிருப்பேன்!

பின் பிரேக் வலது காலில். காலை அதன்மேல் வைத்திருக்கிறேனா, எடுத்துவிட்டேனா, எவ்வளவு அழுத்துகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. எடுத்துவிட்டதாக நினைத்த நேரமெல்லாம் கால் அதன்மேலேயே இருந்திருக்கிறது. 60-ஆவது வளைவு வாக்கில் தேங்காய்நார் கருகுவதுபோல ஒரு வாசனை. முன்னால் போகிறவர் வண்டி என்று நினைத்தேன். 50-க்குக் கீழே வந்தபோது அழுத்தம் கொடுத்தும் வேகம் குறையவில்லை. 41-ஆவது வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பாமல் எதிர்ப்பக்கத்துக்கு அகண்டு போனது. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். ஈரத்தில் வழுக்கவில்லை, அது என் திறமை இல்லை. பஸ் டிரைவர் நிறுத்திவிட்டார். அவர் பம்பருக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு ஸ்கூல் பை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "யோவ் பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்றார்.

எல்லா டிரைவரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். நானே எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது நேராக வந்து உட்கார்ந்தது. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் மடியில் குழந்தையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. பயந்துபோயிருந்தார்.

வண்டியை ஓரம் கட்டித் தடுப்புச்சுவரில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பட்டறைக்காரன் வந்து நின்றான். முதலில் வண்டியிடம் போனான். பின் டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று எடுத்தான். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து டிரம்மில் ஊற்றப் போன பையனை, "சூட்டுல ஊத்தாத, தானா ஆறட்டும்" என்று தடுத்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"செருப்பு கழண்டா உங்களுக்குத் தெரியுதுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"காலையில இருந்து பாக்கறேன் சார். ஒவ்வொரு தடவ கியர் போடறப்பவும் குனிஞ்சு காலைப் பாக்கறீங்க. நாப்பது வருசமா ஓட்டற வண்டிங்க." யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், திருப்பிக் கொண்டுவந்தால் கியர். அது சரியாக உட்கார்ந்ததா என்று காலாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கம்மாவுக்கு இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. சுடுதண்ணியில கால வச்சது தெரியாம கொப்புளம் போட்டு, விரல் ரெண்டு எடுத்தாங்க."

வண்டிச் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்பவன். அதே காதையும் கண்ணையும்தான் என்மேலும் வைத்திருக்கிறான்.

"சாவியக் குடுங்க சார்" என்றான். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. நோட்டை வாங்குகிற வாத்தியார் குரல். அது எங்கே கற்றது என்று எனக்குத் தெரியும்.

உடனே கொடுத்துவிடவில்லை. "பிரேக் ஆறினதும் சரியாயிடும், முதல் கியரிலேயே இறங்கிடறேன்" என்றேன். "பிரேக் ஆறிரும் சார்" என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாவியைக் கொடுத்தேன். அவன் வண்டியைப் பட்டறைப் பையன் எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் எதுவும் கேட்காமல் அவரவர் வண்டியைக் கிளப்பினார்கள். விசைத்தறிக்காரர் மட்டும் போகிறபோக்கில் என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

1986-லிருந்து அந்த வண்டி என்னுடையது. அதன் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உட்கார்ந்ததும் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. மாணவன் தோளைப் பிடிக்கக் கூச்சம். சீட்டின் குறுக்கே ஒரு பட்டை இருக்க வேண்டும். அது 1994-ல் அறுந்துபோனது. பின்னால் கேரியர் கம்பி. கையைப் பின்னுக்கு வளைத்து அதைப் பிடித்தால் தோள்பட்டை திருகுகிறது, விளிம்பு உள்ளங்கையில் குத்துகிறது. பாதம்தான் மரத்திருக்கிறது, உள்ளங்கை நன்றாகவே வலித்தது.

வண்டி கிளம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கம். பாதையே தெரியவில்லை. ஓட்டுகிறவனுக்கு வளைவு வருவது முன்பே தெரிந்து உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு வண்டி சாய்ந்த பிறகுதான் அது வளைவு என்றே தெரிகிறது. பள்ளம் விழுந்த பிறகுதான் பள்ளம். பட்டறைக்காரன் மிக நிதானமாகத்தான் ஓட்டினான், என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் என் வாயிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று வந்துகொண்டே இருந்தது. நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அது என்னுடைய சொல் இல்லை. என் மனைவியின் சொல். பதினெட்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட சொல். அதற்கு நான் சொன்ன பதிலும் நினைவு வந்தது: "நாற்பதுலதான் போறேன், சும்மா வா."

அவள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்ததுகூட இல்லை. சேலையில் ஒருபக்கமாக, இடது பக்கம் பார்த்தபடி, மடியில் பையன். வலது பக்கத்திலிருந்து எது வந்தாலும் அவளுக்குத் தெரியாது. பெண் பெட்ரோல் டேங்க் மேல். யாருக்கும் ஹெல்மெட் கிடையாது. இப்படியே 1993 சித்திரை லீவில் ஏற்காடு போய்வந்தோம். நாலு பேர், ஒரு வண்டி, ஓட்டியவர் இயற்பியல் வாத்தியார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மணி ஏழு. போட்டோ எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். பட்டறைக்காரன், "அம்மா, வண்டி ரெண்டு நாள் பட்டறையில இருக்கட்டுங்க, பிரேக் சூ பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் வண்டியோடு போய்விட்டான். நல்ல பிள்ளை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, நைலான் இழை, 41-ஆவது வளைவு, பஸ். அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன். சுளையைப் பிரித்தபடியே, "எதைப் பிடிச்சுட்டு உக்காந்து வந்தீங்க?" என்றாள்.

"கேரியர் கம்பியை."

"வெயில்ல சுட்டிருக்குமே."

"இல்ல, மேகம்."

கொஞ்ச நேரம் கழித்து நான் ஏற்காட்டுப் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். எனக்கு அதில் நினைவிருப்பது காற்றும், டேங்க் மேல் மகள் பாடிக்கொண்டே வந்ததும். "உனக்கு?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? கண்ண மூடிட்டு எண்ணிட்டு வந்தேன். இருபது வளைவுன்னு நீங்கதான் சொன்னீங்க. பத்தொம்பது எண்ணினதும் பையன் அழுதான், கணக்கு விட்டுப் போச்சு. இன்னும் ஒண்ணு இருக்குதா, முடிஞ்சுதான்னு தெரியாம ஊடு வந்து சேர்ற வரைக்கும் கண்ணத் தொறக்கல."

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். அவளும் உள்ளே வந்தாள். இந்த முறை கண்ணை மூடினேன், முழுசாக. பத்துக்கு நாலு. நம் கணக்கில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை மாற்றியிருக்கிறார், பாதத்துக்குத் தனிச் செருப்பு எழுதியிருக்கிறார், தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இருசக்கர வண்டி வேண்டாம் என்றார். மகளிடமும் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். பிட் அடித்ததைச் சொன்னதும் சிரித்தாள். உங்களில் சர்க்கரை இருக்கிறவர்கள் பலர் என்று தெரியும். நாற்பதைத் தாண்டிய 1998 பேட்ச்காரர்களே, அந்த நைலான் இழைப் பரிசோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்கப் போவதில்லை. அடுத்த பயணம் ஏற்காடு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டறைக்காரன் ஓட்டுவான், நான் பின்னால். விசைத்தறிக்காரர் நேற்று போன் செய்தார். என் சேதி விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். முட்டிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. புது பிரேக் சூ. சீட் கவர் தைக்கிற கடையில் 150 ரூபாய்க்குச் சொல்லிவைத்திருந்த பட்டையையும் மாட்டிக் கொண்டுவந்திருந்தான். கறுப்பு ரெக்சின், இரட்டைத் தையல், இரண்டு பக்கமும் போல்ட். 31 வருஷம் கழித்து. என் மனைவி வாசலுக்கு வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

"இப்ப யாரு பிடிக்கிறதுக்கு?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. போய்விட்டாள்.